கணக்கு என்றாலே பயம்: பெற்றோரும் பிள்ளைகளும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் மாலை நேரத்தில் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். முதுநகர், தேவனாம்பட்டினம், ரெட்டிச்சாவடி, பாகூர் என்று கடலூர், புதுச்சேரி இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் வருகிறார்கள். பாடத்திட்டம் வேறாக இருந்தாலும் பயம் ஒரே மாதிரிதான் இருக்கிறது. கூட்டிக்கொண்டு வரும் அப்பா அம்மாக்கள் வாசலில் நின்று கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பயப்படும் பிள்ளைக்கு வெறும் தைரியம் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. பயத்தைக் கண்டுகொள்ளாமல் கணக்கை மட்டும் திணித்தாலும் ஏறாது. பாடம் எந்த இடத்தில் விட்டுப்போனது என்று தேடிப் பிடிக்க வேண்டும். அதைத் திரும்பச் சொல்லிக்கொடுக்கும்போது பிள்ளையின் மானத்தைக் காப்பாற்ற வேண்டும்.

கணக்கு பயம் என்று உண்மையிலேயே ஒன்று இருக்கிறதா? படிக்காததற்குச் சொல்லும் சாக்குதானே?

இருக்கிறது. இதைப் பற்றிய ஆராய்ச்சிக்கு எழுபது வயதாகிறது. 1954இல் மேரி கஃப் என்ற அமெரிக்க ஆசிரியை இதைப் பற்றி எழுதினார். 1972இல் ரிச்சர்ட்சன், சுயின் என்ற இரண்டு உளவியலாளர்கள் 98 கேள்விகள் கொண்ட அளவுகோல் ஒன்றை உருவாக்கினார்கள். கடையில் பில்லைச் சரிபார்ப்பதிலிருந்து தேர்வு ஹாலில் உட்காருவது வரை எது எவ்வளவு பதற்றம் தருகிறது என்று அதில் கேட்பார்கள்.

பல நாடுகளில் ஒரே மாதிரி நடக்கும் பிசா (PISA) என்ற தேர்வு 2012இல் நடந்தபோது 15 வயது மாணவர்களிடம் இதைக் கேட்டார்கள். வளர்ந்த நாடுகளின் சராசரியில் 59 சதவீதம் பேர் கணக்கு வகுப்பு கஷ்டமாக இருக்குமோ என்று அடிக்கடி கவலைப்படுவதாகச் சொன்னார்கள். கணக்கு வீட்டுப்பாடம் செய்யும்போது மிகவும் பதற்றமாக இருக்கிறது என்றவர்கள் 33 சதவீதம். அத்தனை பேரும் சோம்பேறிகளாக இருக்க முடியாது.

அதே 2012இல் லயன்ஸ், பெய்லாக் என்ற இருவர் செய்த மூளை ஸ்கேன் ஆய்வு ஒன்றும் உண்டு. கணக்கு பயம் அதிகம் உள்ளவர்களுக்கு, 'அடுத்து கணக்கு வரப்போகிறது' என்ற அறிகுறியைக் காட்டியதுமே உடல்வலியோடு தொடர்புள்ள பகுதிகள் வேலை செய்தன. கணக்கைப் போட ஆரம்பித்த பிறகு அந்த வலி தெரியவில்லை. வருமே வருமே என்று காத்திருக்கும் நேரம்தான் அவர்களை வாட்டுகிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், தேர்வு நாள் பற்றிச் சொல்லும்போது உதவும்.

"வீட்டில் கரெக்டாகப் போடுகிறாள் சார், பரீட்சையில் கோட்டை விட்டுவிடுகிறாள்." ஏன் இப்படி?

எனக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான். கணக்கு போடும்போது நம் மனதில் சில விஷயங்களைத் தற்காலிகமாகப் பிடித்து வைத்திருக்கிறோம். உளவியலில் இதைச் செயல்படு நினைவு என்கிறார்கள். இதன் கொள்ளளவு சின்னது, எல்லோருக்கும் சின்னதுதான். பயம் வந்தால் "தப்பாகிவிடுமோ", "அப்பா திட்டுவாரோ", "பக்கத்து பெஞ்சில் முடித்துவிட்டார்களே" என்ற எண்ணங்கள் அந்தச் சின்ன இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. கணக்குக்கு மிஞ்சுவது பாதி இடம்தான்.

ஒரு கணக்கை வைத்தே பார்க்கலாம். x² − 5x − 14 என்பதைக் காரணிப்படுத்த வேண்டும். பெருக்கினால் −14, கூட்டினால் −5 வரும் இரண்டு எண்கள் தேவை. 14ஐ 1, 14 என்று பிரிக்கலாம், 2, 7 என்றும் பிரிக்கலாம். வித்தியாசம் 5 வர வேண்டுமென்றால் 2, 7. பெருக்கல் மைனஸ் என்பதால் ஒன்று பிளஸ், ஒன்று மைனஸ். கூட்டல் மைனஸ் என்பதால் பெரிய எண்ணுக்கு மைனஸ். ஆக −7, +2. விடை (x − 7)(x + 2). இதில் ஐந்தாறு விஷயங்களை ஒரே நேரத்தில் மனதில் நிறுத்த வேண்டியிருக்கிறது. பதற்றத்தில் முதலில் நழுவுவது அந்தக் கடைசிக் குறிதான். (x + 7)(x − 2) என்று எழுதிவிட்டு வருவார்கள். வீட்டுக்கு வந்து கேள்வித்தாளைப் பார்த்த அடுத்த நொடி, "ஐயோ, மாத்தி போட்டுட்டேன்" என்பார்கள். தெரியாமல் போட்ட தப்பாக இருந்தால் அந்த "ஐயோ" வராது.

2001இல் ஆஷ்கிராஃப்ட், கிர்க் என்ற இருவர் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். சில எழுத்துகளை நினைவில் வைத்துக்கொண்டே மனக்கணக்காகக் கூட்டச் சொன்னார்கள். பத்தை மீதி எடுத்துச் செல்லும் கூட்டலில், இரண்டு எழுத்துகளுக்குப் பதில் ஆறு எழுத்துகளை நினைவில் வைக்கச் சொன்னபோது எல்லோருமே தடுமாறினார்கள். பயம் அதிகமுள்ளவர்கள் மிக அதிகமாகத் தடுமாறினார்கள்.

அதனால் என் வகுப்பில் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். மனதில் பிடித்து வைப்பதைக் குறைத்துப் பேப்பரில் ஏற்றிவிட வேண்டும். "பெருக்கல் −14, கூட்டல் −5" என்று ஓரத்தில் எழுது. எண்கள் கிடைத்ததும் கூட்டிப் பார்த்து ஒரு டிக் போடு. நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் சிலர் இதைக் கௌரவக் குறைவாக நினைப்பார்கள். பரவாயில்லை, எழுதட்டும்.

பயத்தால் மார்க் குறைகிறதா, மார்க் குறைந்ததால் பயம் வந்ததா?

இரண்டும்தான். ஒன்று மற்றொன்றை வளர்க்கும். பயந்தவர்கள் கணக்கைத் தள்ளிப் போடுகிறார்கள், தள்ளிப் போட்டதால் பயிற்சி குறைகிறது, அடுத்த தேர்வில் இன்னும் அடி. கடைசியில் பிளஸ் ஒன்னில் கணக்கே இல்லாத குரூப்பைத் தேடுகிறார்கள்.

ஆனால் பயப்படுகிறவர்கள் எல்லோரும் மார்க் குறைந்தவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். இங்கிலாந்தில் 2018இல் வெளிவந்த ஒரு ஆய்வில், கணக்கு பயம் அதிகமாக இருந்த பிள்ளைகளில் 77 சதவீதம் பேர் சராசரி அல்லது அதற்கு மேல் மார்க் வாங்குபவர்கள். 90 வாங்கும் பிள்ளையின் வயிற்றுவலியை யாரும் கவனிப்பதில்லை. முதல் மார்க் பெண்ணைக் கேட்டுப் பாருங்கள், பாதி நாள் தூக்கமில்லை என்பாள்.

எந்த வகுப்பில் ஆரம்பிக்கிறது?

ஒன்றாம், இரண்டாம் வகுப்பிலேயே சிலரிடம் பார்க்கலாம். என் அனுபவத்தில் பெரிய சறுக்கல் மூன்று இடங்களில்: பின்னம், மைனஸ் எண்கள், x வரும் இடம். அம்மை போட்டு லீவில் இருந்த பத்து நாள், பள்ளி மாறிய வருடம், டீச்சர் இல்லாத ஒரு பருவம் என்று ஏதோ ஒன்றில் அந்தப் பாடம் விட்டுப்போயிருக்கும். கொரோனா காலத்தில் கீழ் வகுப்புகளில் இருந்தவர்களுக்கு இந்த ஓட்டைகள் நிறைய. அதை அடைக்கத்தான் தமிழ்நாட்டில் 'இல்லம் தேடிக் கல்வி', 'எண்ணும் எழுத்தும்' திட்டங்களே வந்தன.

ஓட்டை எங்கே என்று கண்டுபிடிப்பதுதான் பாதி வேலை. எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி. "எனக்கு அல்ஜீப்ரா வராது சார்" என்றுதான் வந்தாள். 2x + 7 = 3 கொடுத்தேன். 2x = 3 − 7 என்று சரியாகத்தான் எழுதினாள். அடுத்த வரியில் 2x = 4, x = 2. "2ஐ வைத்துப் பாரு" என்றேன். 11 வந்தது, முகம் சுருங்கிவிட்டது. நோட்டை மூடச் சொல்லிவிட்டுக் கேட்டேன்: "கையில மூணு ரூபா இருக்கு. கடைக்காரருக்கு ஏழு ரூபா தரணும். இருக்கிறதைக் குடுத்துட்ட. அப்புறம்?" "நாலு ரூபா பாக்கி சார்." "அந்தப் பாக்கியைக் கணக்குல எப்படி எழுதுவ?" கொஞ்ச நேரம் யோசித்து, தானே நோட்டைத் திறந்து 4க்கு முன்னால் ஒரு கோடு போட்டாள். x = −2.

அவளுக்கு அல்ஜீப்ரா வந்தது. வராமல் இருந்தது ஆறு, ஏழாம் வகுப்பு மைனஸ். இரண்டு வருடமாகத் தப்பான பெயரைச் சொல்லிப் பயந்துகொண்டிருந்தாள். எட்டாவது படிக்கும் பிள்ளைக்கு ஆறாவது பாடமா என்று பெற்றோர் முகம் சுளிப்பார்கள். தயவுசெய்து சுளிக்காதீர்கள்.

"எங்க பரம்பரைக்கே கணக்கு வராது." இது பிறவியிலேயே வருவதா?

பதற்றப்படும் சுபாவம் ஓரளவு குடும்பத்தில் வரலாம். ஆனால் "நம்ம வீட்டுக்குக் கணக்கு வராது" என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தேவனாம்பட்டினத்தில் கூடையோடு உட்கார்ந்திருக்கும் ஆயாவிடம் போய் ஒன்றேகால் கிலோ சங்கரா மீன் கேளுங்கள். கிலோ 280 என்றால் "முந்நூத்தி அம்பது குடு" என்று தராசை இறக்கும் முன்பே சொல்லிவிடுவார். 500 நீட்டினால் மீதி 150 கையில் இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து பை எடுத்துக் கொடுக்கும் பேரனும் அதே வேகத்தில் சொல்வான். அவனிடமே பேப்பரில் 1¼ × 280 என்று எழுதிக் கொடுத்தால் பேனாவைக் கடிப்பான்.

பிரேசிலில் 1985இல் இதையே ஆராய்ந்திருக்கிறார்கள். தெருவில் இளநீர் மாதிரிப் பொருள்களை விற்ற சிறுவர்கள் வியாபாரத்தில் 98 சதவீதம் சரியாகச் சொன்னார்கள். அதே கணக்குகளை வெறும் எண்களாகப் பேப்பரில் கொடுத்தபோது சரியானவை 37 சதவீதம்தான். 2025இல் கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை செய்யும் பிள்ளைகளிடம் செய்த பெரிய ஆய்வும் இதே கதையைத்தான் சொன்னது. கூடவே இன்னொன்றையும்: பள்ளிக்கூடத்தில் மட்டும் படித்த பிள்ளைகள் சந்தைக் கணக்கில் திணறினார்கள். இரண்டுக்கும் நடுவில் பாலம் போடுவது பெரியவர்களின் பொறுப்பு. 280ஐயும் அதில் கால் பங்கு 70ஐயும் கூட்டுகிறாயே, அதைத்தான் 280 × 1¼ என்று எழுதுகிறோம் என்று அந்தப் பேரனுக்கு யாராவது உட்கார்ந்து காட்ட வேண்டும்.

பெண் பிள்ளைகளுக்கு இந்தப் பயம் அதிகமா?

கேட்டால் பெண்கள்தான் அதிகமாகப் பயம் இருப்பதாகச் சொல்கிறார்கள், பெரும்பாலான நாடுகளில் அப்படித்தான். மார்க்கில் அந்த அளவு வித்தியாசம் இல்லை. நம் ஊர்ப் பொதுத்தேர்வு முடிவுகளில் பெண்கள் முந்துவதை வருடா வருடம் பார்க்கிறோம்.

பயம் எங்கிருந்து ஒட்டிக்கொள்கிறது என்பதற்கு 2010இல் பெய்லாக் குழு செய்த ஆய்வு நல்ல சான்று. ஒன்று, இரண்டாம் வகுப்பு எடுக்கும் 17 ஆசிரியைகள், 117 பிள்ளைகள். டீச்சருக்கே கணக்கு பயம் அதிகமாக இருந்த வகுப்பில், வருடக் கடைசியில் "கணக்கு பையன்களுக்கு, வாசிப்பு பெண்களுக்கு" என்று நம்பும் சிறுமிகள் அதிகமாகியிருந்தார்கள். அப்படி நம்பிய சிறுமிகளின் மார்க்கும் குறைந்திருந்தது. பையன்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. "பொம்பளப் புள்ளைக்குக் கணக்கு எதுக்கு, காமர்ஸ் போதும்" என்று விசேஷ வீட்டில் யாராவது பெரியம்மா பெரியப்பா பேசும்போது பக்கத்தில் ஏழு வயதுப் பெண் கேட்டுக்கொண்டிருப்பாள். அந்தப் பேச்சை அங்கேயே மறுத்துவிடுங்கள், அவள் காதில் விழும்படி மறுத்துவிடுங்கள்.

எனக்கே கணக்கு பயம். நான் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கலாமா?

அமெரிக்காவில் 2015இல் 438 பிள்ளைகளையும் பெற்றோரையும் வைத்து ஒரு ஆய்வு நடந்தது. கணக்கு பயம் உள்ள பெற்றோர் அடிக்கடி வீட்டுப்பாடத்தில் உதவினால், பிள்ளை அந்த வருடம் கற்றது குறைந்தது, பயமும் கூடியது. அதே பயம் இருந்தும் அதிகம் உதவாதவர்களின் பிள்ளைகளுக்கு இந்தப் பாதிப்பு இல்லை.

அதற்காக ஒதுங்கிவிட வேண்டாம். அதே குழுவின் இன்னொரு ஆய்வில், தூங்கப் போகும் முன் சின்னக் கணக்குக் கதைகளைச் சேர்ந்து படித்த குடும்பங்களில் பிள்ளைகள் முன்னேறினார்கள். பெற்றோர் பயந்தவர்களாக இருந்த வீடுகளில்தான் பலன் அதிகம். நம் வீட்டிலும் வழி இருக்கிறது. தாயக்கட்டை, பல்லாங்குழி, பரமபதம் ஆடலாம். மாதாந்திர மளிகைப் பட்டியலைப் பிள்ளையைக் கூட்டச் சொல்லலாம். கடலூரிலிருந்து பாண்டிக்குப் பஸ்ஸில் போகும்போது மைல்கல்லைப் பார்த்து இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்கலாம். வீட்டுப்பாடத்தில் குரல் உயர ஆரம்பித்தால் நோட்டை மூடிவிடுங்கள். "இது எனக்குத் தெரியல, நாளைக்கு மிஸ்கிட்ட கேட்டுட்டு வந்து எனக்குச் சொல்லு" என்று சொல்வதில் எந்தக் குறைச்சலும் இல்லை.

டியூஷன் சேர்த்தால் சரியாகிவிடுமா?

எப்படிப்பட்ட டியூஷன் என்பதைப் பொறுத்தது. ஸ்டான்ஃபோர்டில் 2015இல் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எட்டு வாரம் ஒருவருக்கு ஒருவர் என்று பாடம் எடுத்தார்கள். பயம் அதிகமாக இருந்தவர்களுக்குப் பயமும் குறைந்தது, மூளையில் அச்சத்தோடு தொடர்புள்ள அமிக்டலாவின் பரபரப்பும் குறைந்தது. மந்திரம் எதுவும் ஓதவில்லை. கணக்கைப் பொறுமையாக, ஆள் பக்கத்தில் இருந்து, சொல்லிக்கொடுத்தார்கள். நாற்பது பேரை அடைத்து வைத்துத் தினம் ஒரு டெஸ்ட் வைக்கும் இடத்தில் இது நடக்காது. சேர்க்கும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "கீழ் வகுப்புப் பாடம் விட்டுப்போயிருந்தா எடுப்பீங்களா?"

வாய்ப்பாடு மனப்பாடம் செய்யச் சொல்வது தப்பா?

தப்பே இல்லை. 7 × 8 கேட்டதும் 56 வந்துவிட்டால் மனதில் அவ்வளவு இடம் மிச்சம். வகுப்பு முன்னால் நிற்க வைத்து, வாட்சைப் பார்த்துக்கொண்டு ஒப்பிக்கச் சொல்வதுதான் தப்பு. கரும்பலகைக்குக் கூப்பிடுவதும் அப்படியே. தப்பு செய்தவனைக் கூப்பிட்டு நிறுத்துவதைவிட, எல்லோரும் நோட்டில் போடட்டும். ஒரு நல்ல தப்பை யாருடையது என்று சொல்லாமல் டீச்சரே பலகையில் எழுதி, எங்கே சறுக்கியது என்று வகுப்பையே தேடச் சொல்லலாம்.

பப்ளிக் எக்ஸாம் அன்று என்ன செய்வது?

தமிழ்நாடு பத்தாம் வகுப்புக் கணக்குத் தாளின் உருவம் தெரிந்தால் பாதிப் பதற்றம் போகும். 100 மார்க்: ஒரு மார்க் 14, இரண்டு மார்க் 10, ஐந்து மார்க் 10, எட்டு மார்க் 2. அந்த எட்டு மார்க் இரண்டும் வடிவியலும் வரைபடமும். வட்டத்துக்குத் தொடுகோடு, வடிவொத்த முக்கோணம் என்று கைப்பழக்கத்தில் வருபவை. பாஸ் மார்க் 35. எட்டு மார்க் இரண்டில் 16, ஒரு மார்க்கில் பத்து சரியாக வந்தால் 26 ஆகிவிட்டது. இன்னும் ஒன்பதுதான். ஃபெயில் பயத்தில் வரும் பிள்ளையிடம் இந்தக் கூட்டலை நோட்டில் போட்டுக் காட்டினால் மூச்சு சீராவது தெரியும்.

வாசிக்கத் தரும் பத்து நிமிடத்தில் தெரியாததைத் தேடாதே, தெரிந்த மூன்றை மனதில் குறித்துக்கொள் என்று சொல்வேன். காத்திருக்கும் நேரம்தான் கொடுமை என்று முன்பு சொன்னேன் அல்லவா? அதனால் மணி அடித்ததும் தெரிந்த கணக்கில் கை வைத்துவிட வேண்டும். பெரும்பாலும் தொடுகோடு வரைவதில் ஆரம்பிக்கச் சொல்வேன். ஸ்கேல், காம்பஸ் பிடித்தால் கை நடுக்கம் தானாக நிற்கும். ஹால் வாசலில் கூட்டமாக நின்று "அது படிச்சியா, இது படிச்சியா" என்று பேசும் வட்டத்தில் சேராமல் இருப்பதும் நல்லது.

தேர்வுக்கு முன் பத்து நிமிடம் தன் கவலைகளை எழுதினால் மார்க் கூடும் என்று 2011இல் ஒரு ஆய்வு பிரபலமானது. பிறகு வேறு குழு அதைத் திரும்பச் செய்தபோது அந்தப் பலன் வரவில்லை. எழுதினால் மனம் லேசாகிறது என்றால் எழுதட்டும், அதையே நம்பியிருக்க வேண்டாம்.

புதுச்சேரியில் சிபிஎஸ்இ வந்துவிட்டது. 'பேசிக்' கணக்கு எடுக்கலாமா?

பத்தாம் வகுப்பு சிபிஎஸ்இயில் ஸ்டாண்டர்டு, பேசிக் என்று இரண்டு தாள்கள் 2020 முதல் உண்டு. பாடம் ஒன்றுதான், கேள்வித்தாளின் கடினம்தான் வேறு. மேலே கணக்கு படிக்கும் எண்ணமே இல்லாதவருக்கு பேசிக் நல்ல வசதி. ஆனால் பயத்தில் மட்டும் அதை எடுக்க வேண்டாம். பிளஸ் ஒன்னில் கணக்கு எடுக்க விதிகள் என்ன கேட்கின்றன என்று பள்ளியில் விசாரித்துவிட்டு முடிவெடுங்கள். பொறியியல் கனவு இருந்தால் கணக்கை விட முடியாது. தமிழ்நாட்டுக் கலந்தாய்வு கட் ஆஃப் 200இல் கணக்குக்கு மட்டுமே 100.

இது டிஸ்கால்குலியாவா என்று எப்படித் தெரியும்?

அது வேறு. எண்களின் அளவே மனதில் பிடிபடாத கற்றல் குறைபாடு அது. நூறில் சுமார் மூன்று முதல் ஏழு பேருக்கு இருக்கலாம் என்கிறார்கள். நான்காம் வகுப்பிலும் 8, 6 எது பெரிது என்பதில் தயக்கம், எவ்வளவு பழக்கினாலும் விரல் விட்டே கூட்டுவது, மணி பார்க்க வராதது போன்றவை பதற்றமில்லாத நேரத்திலும் தொடர்ந்தால் பரிசோதிக்க வேண்டும். பள்ளியிலுள்ள சிறப்பு ஆசிரியர், மாவட்ட அரசு மருத்துவமனை, புதுச்சேரியில் ஜிப்மர் என்று கேட்டுப் பார்க்கலாம். சான்றிதழ் இருந்தால் தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகள் கிடைக்கும்.

கணக்குப் பாடம் உள்ள நாளில் வாந்தி, தூக்கமின்மை, "செத்துடலாம் போல இருக்கு" என்ற பேச்சு வந்தால் டியூஷன் மாற்றிக்கொண்டிருக்காதீர்கள். அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.

எனக்கு 38 வயது. அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வு எழுதுகிறேன். கணக்குப் பகுதியைத் திறக்கவே பயமாக இருக்கிறது. இனிமேல் வருமா?

வரும். மொத்தம் 200 கேள்வியில் கணக்கும் திறனறிவும் 25. அதை அப்படியே விட்டுவிட்டுத் தமிழிலும் பொது அறிவிலும் ஈடுகட்டுகிறேன் என்பார்கள், எனக்கு அது சரியாகப் படவில்லை. சதவீதம், விகிதம், தனிவட்டி மூன்றையும் முதலில் எடுங்கள். நகைக் கடனும் சுய உதவிக் குழு வட்டியும் பார்த்த உங்களுக்கு இது புதிதில்லை. நூற்றுக்கு ஒன்றரை வட்டியில் 20,000 ரூபாய்க்கு மாதம் எவ்வளவு? 300 என்று வாய் சொல்லிவிட்டதா, அதையே சூத்திரத்தில் எழுதிப் பழகுங்கள். ஏழாம், எட்டாம் வகுப்புப் புத்தகம் பிள்ளையிடம் இருக்கும், அதில் உள்ள எடுத்துக்காட்டுகளைத் தினம் அரை மணி நேரம் போடுங்கள். மீப்பெரு பொது வகுத்தி (மீ.பொ.வ.), மீச்சிறு பொது மடங்கு (மீ.சி.ம.) அதற்கு அடுத்தது. நேரமும் வேலையும் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்.